ஒன்பதாம் அத்தியாயத்தில் தண்ணீர் வார்த்த பையன்

1991 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, பின்னேரம் நான்கு மணி பத்து நிமிடம். நீ பிறந்து நாற்பத்தொரு நாள். நீயும் உன் அம்மாவும் இந்த வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு நாள். இந்த நாட்டில் ஒரு பிறப்பைப் பதிய நாற்பத்திரண்டு நாள் தருவார்கள். எனக்கு மிச்சம் ஒன்று. நாளை காலை பத்தரைக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் குறித்திருக்கிறது. நானும் உன் அம்மாவும் கலியாணம் எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு விதி எளிது: அம்மா என்னோடு உள்ளே வந்து கையெழுத்திட்டால்தான் என் பெயர் ஏறும். அவள் தனியாகப் போனால் 'அப்பா' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அவள் வருவாளா என்பது இந்தக் கடிதத்தை நான் எப்படி எழுதி முடிக்கிறேன் என்பதில் இருக்கிறது. ஆகவே சுற்றிவளைக்க எனக்கு நேரமில்லை.

நீ இதை வாசிக்கும்போது உனக்குப் பதினெட்டோ இருபதோ ஆகியிருக்கும். எனக்கு இப்போது இருபத்தெட்டு. உன் வயதிலிருந்து பெரிய வித்தியாசமில்லாத ஒருவன் எழுதுகிறான் என்று எடுத்துக்கொள். தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளர்ந்திருந்தால், அதற்கும் நானே காரணமாக இருப்பேன், யாராவது தமிழரைப் பிடித்து வாசிக்கச் சொல். வாசிப்பவர் எங்காவது தொண்டையைச் செருமினால், ஒரு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தால், அந்த இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல். நீ கேட்கவேண்டிய இடம் அதுதான்.

நான் ரயில் சிக்னல் திருத்துகிறவன். எங்கள் வேலையில் ஒரு அடிப்படை உண்டு. கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், உள்ளே ஏதாவது எரிந்தாலும், சிக்னல் சிவப்புக்குத்தான் விழவேண்டும். ரயில் நிற்கும், ஆட்கள் திட்டுவார்கள், ஒருவரும் சாகமாட்டார்கள். பழுதாகிவிட்டுப் பச்சை காட்டும் சிக்னல்தான் ஆகக் கெட்டது. அப்படி ஒன்று அகப்பட்டால் அந்தப் பாதையையே மூடிவிட்டு விசாரிப்போம். மகனே, உன் அப்பா பழுதாகிவிட்டுப் பச்சை காட்டிய ஆள். விசாரணை கீழே.

உன் அம்மா மார்சியாவை நான் நூலகத்தில் கண்டேன். அவள் கவுண்டரில் நின்று புத்தகங்களுக்குத் திகதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது லண்டனில். நான் மின்னியல் பாடப் புத்தகம் ஒன்றை மூன்றாவது தடவையாகப் புதுப்பிக்கப் போனபோது, "இதை நீங்கள் வாசிக்கிறீர்களா, வளர்க்கிறீர்களா?" என்று கேட்டாள். (அவள் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.) அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். நீ வயிற்றில் இருந்தபோது அதற்கு எட்டுக் கொப்பிகள் ஆகியிருந்தன. நூலகக் கவுண்டரில் வேலைசெய்யும் ஒரு பெண், அவளுடைய திகதி முத்திரையின் ரப்பர்ச் சக்கரம் ஒருநாள் இறுகிப்போகிறது, பலமாகத் திருப்புகிறாள், அது நூற்றெண்பது, இருநூறு வருடம் பின்னுக்குச் சுற்றி நிற்கிறது. தாளில் குத்துகிறாள். குத்திய கணத்தில் ஜமேக்காவில் ஒரு கரும்புத் தோட்டத்தில், கொதிக்கும் சர்க்கரைப் பாணிக்கு முன்னால் நிற்கிறாள். அங்கே பாணி காய்ச்சும் அடிமைப் பெண்ணின் பெயர் பீபா. உன் அம்மாவின் தாய்வழியில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒருத்தி இருந்தாள். பழைய தோட்டக் கணக்கொன்றின் பிரதியில் மார்சியா அவளைக் கண்டுபிடித்திருந்தாள். கோவேறு கழுதை ஒன்றுக்கும் செப்புக் கிடாரம் ஒன்றுக்கும் இடையில் ஒரு வரி: பீபா, திடகாத்திரம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உந்த முத்திரைக்குச் சக்தி எங்கேயிருந்து வருகிறது? பற்றரியும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றேன். "நீ சிக்னல் திருத்தும்போது, ரயிலில் இருக்கிறவர்கள் கரண்ட் எங்கேயிருந்து வருகிறதென்று எழும்பி வந்து கேட்கிறார்களா?" என்றாள். "நான் கேட்பேன்" என்றேன். "நீ கேட்பாய், அதனால்தான் உனக்கு ஒரு கதையும் முடிவுவரை தெரியாது" என்றாள். அந்த நாட்களில் நாங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தோம். அதையும் எழுதிவைக்கிறேன், பிறகு வருவதில் சிரிப்பு அதிகமில்லை.

நாவலில் அந்தப் பெண் பீபாவை லண்டனுக்குக் கூட்டிவரப் பார்க்கிறாள். முத்திரை ஒரு ஆளைத்தான் தாங்கும். பீபா தன் குடிசை வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாள், இருபத்திரண்டு குடிசை, வரமாட்டேன் என்கிறாள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்கிறாள்: "உங்கள் காலத்தில் எங்கள் பெயரை எழுதுவார்களா? ஆட்களை எழுதுகிற புத்தகத்தில்?" மார்சியாவுக்கு விடுதலை என்றால் அதுதான்: ஆட்களை எழுதுகிற புத்தகத்தில் பெயர் வருவது. நாளை பத்தரை மணி அவளுக்கு ஏன் வெறும் அலுவலகக் காரியம் இல்லை என்று இப்போது உனக்கு விளங்கும்.

ஒன்பதாவது கொப்பியைத் திறந்துகொண்டு அவள் என்னிடம் வந்தாள். "பிள்ளைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. முத்திரை இந்த முறை உன் பக்கம் போகட்டும். உன் ஆட்கள் யார்? யார் சுதந்திரமாக இருந்தார்கள், யார் இல்லை?" நான் யோசிக்கவே இல்லை, பதில் தயாராக இருந்தது. எங்கள் ஆட்கள் கமக்காரர், புகையிலையும் வெங்காயமும் செய்தவர்கள், உங்களை வைத்திருந்த அதே வெள்ளைக்காரன்தான் எங்களையும் ஆண்டான், இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றேன். இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு புல்லரித்தது, அவ்வளவு நல்லவனாக உணர்ந்தேன். "ஒரு ஞாபகம் சொல், சின்னதாக" என்றாள். எங்கள் வளவுக் கிணற்றடியைச் சொன்னேன். தாகத்தோடு வருகிற ஆளுக்கு, பத்து வயதில், நான் துலாவில் அள்ளித் தண்ணீர் வார்ப்பேன், அவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிப்பார் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. இரண்டு கிழமையில் அத்தியாயம் வந்தது. தோட்டத்திலிருந்து தப்பி, முதுகில் காயத்தோடு, அந்த நூலகப் பெண் யாழ்ப்பாணத்தில் ஒரு கிணற்றடியில் வந்து விழுகிறாள். ஒரு பையன் ஓடிவந்து வாளியை உயர்த்தித் தண்ணீர் வார்க்கிறான். அவள் கையேந்திக் குடிக்கிறாள். "இங்கே யாரும் யாருக்கும் சொந்தமில்லை" என்று நினைக்கிறாள். அப்படித்தான் அந்த அத்தியாயம் முடிகிறது. எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ அப்போது அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாய். நன்றாக இருக்கிறது என்றேன்.

இனி உண்மை. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என் அப்பா இரும்புப் பெட்டியைத் திறந்து எங்கள் பரம்பரைச் சீதன உறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். பனங்காணி, கிணற்றில் ஆறில் ஒரு பங்கு, காளை ஒரு சோடி, வள்ளி, வள்ளியின் பெண்மக்கள் இருவர், வெண்கலக் கிடாரம் ஒன்று. அவருக்கு அதில் பெருமை. "பாரடா, ஆளோட சீதனம் குடுத்த குடும்பம்" என்றார். பீபா கழுதைக்கும் கிடாரத்துக்கும் நடுவில். வள்ளி காளைக்கும் கிடாரத்துக்கும் நடுவில். மார்சியா தன் பிரதியை எனக்குக் காட்டிய அன்றே எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. சட்டத்தில் அடிமைமுறை ஒழிந்த பிறகு அதற்குக் குடிமை என்று பெயர்வைத்து எங்கள் ஆட்கள் தொடர்ந்து நடத்தினார்கள். வள்ளியின் வழியில் வந்தவர்கள் எங்கள் வீட்டு நன்மை தீமைக்கெல்லாம் வந்து நின்று வேலைசெய்ய வேண்டும். படி ஏறக்கூடாது. கிணற்றில் அள்ளக்கூடாது. அவர்களுடைய சாதியின் பெயரையோ என்னுடையதையோ இங்கே எழுதமாட்டேன்; அந்த இரண்டு சொல்லையும் உனக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வழியில் வந்த ஒருவர் கந்தசாமி. என்னைவிட ஒன்பது வயது மூப்பு. எங்கள் வீட்டில் அவரைக் 'கந்தன்' என்பார்கள். சாமியைச் சேர்த்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பத்து வயதுப் பையன் நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'நீங்கள்' என்பார். கிணற்றடியில் நான் தண்ணீர் வார்த்தது அவருக்குத்தான். வாளியை உயர்த்திப் பிடிக்கவேண்டும், கை கையில் படக்கூடாது, வாளி கையில் படக்கூடாது, படாமல் வார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று அப்பா மெச்சுவார்.

1984இல் நான் லண்டனில் இறங்கியபோது என்னிடம் ஒரு துண்டில் எழுதிய டூட்டிங் விலாசம் ஒன்றுதான் இருந்தது. "ஊராள் ஒருவர் இருக்கிறார், போ" என்று நண்பன் தந்தது. கதவைத் திறந்தவர் கந்தசாமி. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில். "உள்ள வாங்கோ தம்பி" என்றார். முதல் நாள் பசியில்லை என்றேன். இரண்டாம் நாள் பசித்தது. நான்கு மாதம் அவருடைய சட்டியில் சாப்பிட்டேன், அவருடைய கட்டிலில் அவர் இரவு ஷிப்ட் போகும் நேரமெல்லாம் படுத்தேன். மூன்றாம் நாளே அவர் 'நீங்கள்' என்பதை விட்டு, சமமானவரைச் சொல்கிற 'நீர்' என்றார். நான் அண்ணை என்றேன். இரண்டு வருடம் கழித்து என் அக்காவும் அத்தானும் வந்து நோர்பரியில் வீடு எடுத்தார்கள். "முதலில் எங்கே இருந்தாய்?" என்று அக்கா கேட்டாள். கல்லூரி விடுதியில் என்றேன். ஒரு வருடத்துக்கு ஒரு பொய் என்று கணக்குப் பார்த்தால் குறைவுதான், ஆனால் அந்த ஒரு பொய்யை ஐந்து வருடம் எண்ணெய் போட்டு ஓட வைத்திருந்தேன்.

மார்சியா கந்தசாமி அண்ணையை என் மூலமாக அறியவில்லை. டூட்டிங் மேல்வீதியில் அவர் இப்போது பங்குக்கு நடத்தும் கடையில் அவள் பச்சை வாழைக்காயும் கிழங்கும் வாங்குவாள். நீ வயிற்றில் இருந்தபோது அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புவரை வருவார். அவள் அவரைச் சாம் அண்ணை என்பாள். உனக்கு முப்பத்தோராம் நாள் வருகிறது, அக்கா வீட்டில் துடக்குக் கழித்து, குழந்தைக்குத் தாய்மாமன் பஞ்சாயுதச் சங்கிலி கட்டுவது வழக்கம் என்று நான் சொன்னதும், "எனக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே" என்றவள், மறுநாளே கடைக்குப் போய் அவரைக் கேட்டுவிட்டாள். அவர் பவுனில் ஐந்து ஆயுதமும் வைத்துச் செய்வித்தார். என்னிடம் சொன்னபோது நான், "சரி" என்றேன். தடுத்திருக்கலாம், அல்லது அக்காவிடம் முன்னமே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றும் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போய்விடும் என்று நினைத்தேன். பச்சை காட்டினேன்.

ஒக்டோபர் ஆறாம் திகதி, நோர்பரி. இருபது பேர்வரை. அக்கா உன்னைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவோர் எல்லோருக்கும், "கறுப்பியெண்டாலும் தங்கமான பிள்ளை, பாருங்கோ மருமகனுக்கு எங்கட மூக்கு" என்று மார்சியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் அக்காவைவிட உன் அம்மா இரண்டு பங்கு வெளுப்பு. அதைச் சொன்னால் அக்கா மூன்று நாள் பேசமாட்டாள். கந்தசாமி அண்ணை கோட்டும் சப்பாத்துமாக, சிவப்பு நகைப்பெட்டியோடு வந்தார். வாசலில் நின்ற அத்தான், "ஓ, நீரோ" என்றார். அக்கா குசினிக்குள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஆர் உவனைக் கூப்பிட்டது?"

"மார்சியா."

"அவளுக்கு என்ன தெரியும். உனக்குத் தெரியாதோ? தாய்மாமன் எண்டு கந்தன் என்ரை வீட்டுக்குள்ள நிண்டு பஞ்சாயுதம் கட்டினா நாளைக்கு ஊராக்களிட்டை நான் முகம் குடுக்க வேண்டாமோ?"

"லண்டன் அக்கா இது."

"லண்டனிலதான் ஊராக்கள் கூட. நேரம் போச்செண்டு சொல்லு, அத்தான் கட்டுவார். இந்தா, இதை அவனுக்குக் குடு."

தட்டில் எல்லாருக்கும் எவர்சில்வர்ப் பேணியில் தேநீர் போயிருந்தது. அவள் என் கையில் தந்தது பேப்பர் கப். எறிகிற கப். "எல்லாருக்கும் பேணியிலதானே" என்றேன். "பேணி காணாது" என்றாள். கழுவுதொட்டிக்கு மேலே தட்டில் பேணிகள் கவிழ்த்து வைத்திருந்தன. ஆறு. எண்ணினேன், எனக்கு எண்ணுவது தொழில். குசினியிலிருந்து முன்னறைக்குப் பதினாலு எட்டு. அந்தப் பதினாலு எட்டில் எந்த இடத்திலும் நான் திரும்பியிருக்கலாம். கந்தசாமி அண்ணை கப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வாங்கி முழுவதையும் குடித்தார். "நல்ல தேத்தண்ணி" என்றார். பிறகு குப்பை வாளி எங்கே என்று கேட்டு, தானே போய்க் கப்பை மடித்துப் போட்டுவிட்டு வந்தார். அத்தான் வேறொரு சங்கிலியை உன் கழுத்தில் கட்டினார். கந்தசாமி அண்ணை சிவப்புப் பெட்டியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனார். மார்சியா உன்னை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். ஆங்கிலம் தெரிந்த இருபது பேருக்கு நடுவில் ஒருவரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பும்போது நூற்றொன்பதாம் நம்பர் பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தோம்.

"சாம் அண்ணைக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்?"

"பேணி முடிந்துவிட்டது."

"ஆறு இருந்தது. உனக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. நானும் எண்ணினேன்."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அவள் உன் தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு, நாங்கள் நாவலைப் பற்றிப் பேசுகிறபோது இருக்குமே அந்தக் குரலில், கேட்டாள்:

"அந்தக் கிணற்றடிப் பையன். அவன் ஏன் வாளியைக் கையில் கொடுக்கவில்லை?"

பஸ் நான்கு தரிப்புத் தாண்டியது. "நீ என்னை ஒரு அடிமைப் பெண்ணை அந்தக் கிணற்றடிக்குக் கூட்டிப்போக விட்டாய்" என்றாள். "அவளுக்கு அங்கே விடுதலை கிடைத்ததென்று என் கையாலேயே எழுத விட்டாய். நான் அழுதேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்." வீட்டுக்கு வந்து உன் உடுப்புகளை ஒரு பையில் போட்டாள். ஒன்பதாவது கொப்பியை மேசையில் வைத்தாள். "இதை நான் திருத்த முடியாது, எனக்குத் தெரியாது. நீ திருத்து. அவனுக்கு ஒளிக்காமல் எழுது, உன் மொழியிலேயே எழுது, உன் ஆட்கள் வாசிக்கிறமாதிரி எழுது. பதினெட்டாம் திகதி பத்தரைக்கு நான் வாசலில் நிற்பேன். எழுதிக்கொண்டு வந்தால் சேர்ந்து உள்ளே போவோம். இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் கோடுதான். பொய்யான பெயரைவிட வெறும் கோடு பிள்ளைக்கு நல்லது." தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் ஐந்து நாள் எனக்குக் கோபம். நானா இதைக் கண்டுபிடித்தேன், நானா உறுதி எழுதினேன், ஒரு கப் தேநீருக்கு இவ்வளவா என்று. அந்தக் கோபம் உனக்கும் ஒருநாள் வரும், அம்மாவின் பக்கத்தாலோ என் பக்கத்தாலோ. வந்தால் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்காதே. ஆறாம் நாள் நான் அக்காவிடம் போனேன். அவள் 86இல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாடகைக்கு அறை கேட்டுப் போய், கண்ணாடியில் 'அறை உண்டு' என்ற அட்டை தொங்கத் தொங்க 'அறை போய்விட்டது' என்று முகத்துக்கு நேரே சொன்ன வீட்டுக்காரியை நினைத்து மூன்று நாள் அழுதவள். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது வேற, இது வேற" என்றாள்.

"எப்பிடி வேற?"

"அவள் எங்களை ஆரெண்டு தெரியாமல் செய்தவள். நாங்கள் தெரிஞ்சுதானே செய்யிறம்."

நான் கேட்டதிலேயே ஆக நேர்மையான பதில் அதுதான். அவளுக்கு அது விளங்கவில்லை, அதனால்தான் அவ்வளவு நேர்மையாக வந்தது. "கந்தனுக்கு இப்ப என்ன குறை, கடை வைச்சிருக்கிறான், கார் வைச்சிருக்கிறான்" என்றாள். அவள் ஊற்றித் தந்த தேநீர் பேணியில் இருந்தது. நானும் குடித்தேன். விடுதியில் இருந்ததாகச் சொன்னது பொய் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது, அதை அந்தத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு வந்தேன். ஆறாம் நாளும் வீண்.

நேற்று டூட்டிங் போனேன். கந்தசாமி அண்ணை கடை வாசலில் வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாரும். என்ன வேணும்?"

"கதைக்க வேணும் அண்ணை."

"கதைக்கலாம். அந்தப் பெட்டியில ஒரு பக்கம் பிடிச்சுக்கொண்டு கதையும். சும்மா நிண்டு கதைக்க இஞ்ச இடம் காணாது."

பிடித்தேன். "மன்னிப்புக் கேக்க வந்தனான்" என்றேன்.

"வாழைக்காய் இருக்கு. மரவள்ளி இருக்கு. ராசவள்ளி நாளைக்கு வரும். நீர் கேக்கிறது ஸ்டொக் இல்லை."

பெட்டியை உள்ளே வைத்தோம். அடுத்ததுக்கு வந்தோம். "உம்மட அக்கான்ரை கப்புக்கு நான் கோவிக்கேல்லை" என்றார். "வரேக்கையே வயிறுமுட்டத் தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தனான். அங்க குடிக்கிற தேவையே வரக்கூடாதெண்டு."

"பிறகு ஏன் குடிச்சனீங்கள்?"

"மார்சியாப் பிள்ளை பாத்துக்கொண்டிருந்தது. அவளின்ரை நாளை நான் குழப்பிறதே? அத்தான் கொண்டந்து தந்திருந்தா குடிச்சிட்டு மறந்திருப்பன். கொண்டந்தது என்ரை சட்டியில நாலு மாசம் திண்ட கை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உம்மட அக்காவுக்குத் தெரியுமோ, அந்த நாலு மாசம்?"

"இல்லை."

"இவ்வளவு வருசமாய்?"

"ஓம்."

"சரி. அதை அந்த மூலையில வையும்."

சிவப்புப் பெட்டி காசு மேசைக்குப் பின்னால் தட்டில் இருந்தது. நான் அதைப் பார்த்ததைக் கண்டுவிட்டார். "அது கிடக்கட்டும். மாமன் எண்டு கூப்பிட்டது அவள். அவள் கேட்டா வந்து கட்டுவன். நீர் கேட்டு இல்லை." ஒரு பெண் கிழங்கு நிறுக்க வந்தாள், அவர் அவளிடம் திரும்பிவிட்டார். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பார் என்றும் நான் உனக்கு எழுதமாட்டேன். கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடிக்கிற கதை வேண்டுமென்றால் வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவின் பக்கத்தைப் பற்றி நீ பெருமையாகப் பேசலாம், தாங்கி நின்றவர்கள். என் பக்கத்தைப் பற்றி யாராவது உன்னிடம், நாங்களும் அடிபட்ட சனம், ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனம் என்று சொன்னால், அது உண்மை. குண்டு விழுந்ததும் உண்மை, நாங்கள் ஓடிவந்ததும் உண்மை. ஆனால் அடிபட்டவன் அடித்திருக்கமாட்டான் என்று நினைக்காதே. நான் அப்படித்தான் நினைக்கவைத்தேன், அதுவும் உன்னைச் சுமந்துகொண்டிருந்தவளை. அவளுடைய முத்திரையால் பின்னுக்குப் போக முடியும், ஒன்றையும் மாற்ற முடியாது. அதுதான் அவள் வைத்த விதி. முதலில் அது பலவீனமான இயந்திரம் என்று நினைத்தேன். இப்போது அது சரியாக வேலைசெய்கிற ஒன்று என்று தெரிகிறது.

மணி ஐந்து ஐம்பது. இனிச் செய்யப்போவது:

1. இதை மூன்று பிரதி எடுப்பேன். தெருமுனைக் கடை ஆறரைக்குத்தான் பூட்டும்.

2. ஒரு பிரதியோடு நூற்றொன்பதில் ஏறி நோர்பரி போவேன். அக்காவிடம் கையில் கொடுப்பேன். கொடுக்கமுன், அத்தானும் இருக்கும்போது, வாயால் சொல்வேன்: 84இல் நான் விடுதியில் இருக்கவில்லை, கந்தசாமி அண்ணையின் அறையில் இருந்தேன், அவருடைய சட்டியில் சாப்பிட்டேன். தேநீர் தந்தால் குடிக்கமாட்டேன்.

3. இரண்டாவது பிரதி நம்மவர்கள் இங்கே நடத்தும் மாதப் பத்திரிகைக்கு. போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் நானே பிரதி எடுத்துக் கோயில் வாசலில் கொடுப்பேன்.

4. நாளை காலை எட்டு மணிக்கு டூட்டிங். கடை திறக்கும் நேரம். இன்றிரவு அக்கா வீட்டில் என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிட்டு வருவேன். வேறொன்றும் கேட்கமாட்டேன்.

5. பத்தரை மணிக்குப் பதிவு அலுவலக வாசல். மூன்றாவது பிரதியை மார்சியாவுக்கு ஆங்கிலத்தில் வரிவரியாக வாசிப்பேன், தொண்டையைச் செருமாமல். அவள் என்னோடு உள்ளே வந்தால் என் பெயரை எழுதுவேன். தனியாகப் போனால் வெளியே நிற்பேன். கோடு விழுந்தால், நீ இதை வாசிக்கும் நாளில் உன் சான்றிதழில் அதைக் காண்பாய். அது உன் அம்மா இழுத்ததல்ல, நான் இழுத்தது.

6. எது நடந்தாலும் பின்னேரம் ஒன்பதாவது கொப்பியைத் திறப்பேன். அந்தப் பெண் காயத்தோடு கிணற்றடியில் வந்து விழுவாள். பத்து வயதுப் பையன் வாளியை உயர்த்திப் பிடிப்பான், தன் கை அவள் கையில் படாத உயரத்தில். பின்னால் அவனுடைய அப்பா மெச்சிக்கொண்டு நிற்பார். பையன் வாளியைக் கீழே இறக்கிக் கொடுத்தான் என்று எழுத எனக்கு மிகவும் ஆசையாக இருக்கும். எழுதமாட்டேன்.